என் அன்னையார், ஓர் ஆசிரியை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இலக்கியம் பேச என்னினும் தகுதியுடையோர் இக்காலனியிற் பலர் உளர். ஆதலின், எனக்கு நன்கு தெரிந்த ஒருவரைப் பற்றி, என் அன்னையாரைப் பற்றிப் பேச இசைவு பெற்றேன். அவர் பெரும் பெயர் பெற்றவர் அல்லர். முப்பத்தைந்து ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து, 1985-ல் ஓய்வு பெற்று, 2004-ல் மறைந்தவர்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் இடைவெளி விட்டு நிற்கிறதே, அந்தப் பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்புறம் அது. காற்றும் கரும்பனையும் அங்கே மிகுதி. அம்மா 1930-ல் பிறந்தபோது எங்கள் சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அண்டையிலிருந்த பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. 1949-ல் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. மறு ஆண்டு அம்மா வேலையில் அமர்ந்தார். 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறந்தது. 1957-ல் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கும் இடையே எங்கள் வீட்டில் பேச்சு தமிழ்தான். சந்தைக்குச் செல்லும் ஊரும் பொள்ளாச்சிதான்.

மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதே, சிறுபான்மை மொழியினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்னும் விதியும் அரசியலமைப்பில் 350அ என்ற பிரிவாகச் சேர்க்கப்பட்டது. அம்மாவுக்குச் சட்டம் அவ்வளவாகத் தெரியாது. இந்த ஓர் எண் மட்டும் தெரியும். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைவு, மூடிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் அந்த எண்ணைச் சொல்வார்.

அதே அம்மாதான் மலையாளமும் கற்றார். மேலிடத்திலிருந்து மலையாளத்தில் கடிதங்கள் வரத் தொடங்கின. அவற்றைப் படித்துக்காட்ட ஒருவரை நாடி நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தம் வகுப்புப் பிள்ளைகளிலேயே மலையாளம் அறிந்த இருவரை மாலையில் நிறுத்தி, அவர்களிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். தமிழ் டீச்சரம்மாவுக்கு இது எதற்கு என்று உறவினர் சிலர் முகம் சுளித்தனர். "வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியாதவளிடம் பிள்ளையை அனுப்புவீர்களா?" என்று கேட்டார், அவர்கள் வாய் திறக்கவில்லை.

இடையே ஒரு செய்தி. ஓ. வி. விஜயன் 1969-ல் நூலாக வெளியிட்ட 'கசாக்கின் இதிகாசம்' மலையாளத்தில் புகழ்பெற்ற நாவல். எங்கள் மாவட்டத்துத் தஸ்ராக் என்னும் சிற்றூரின் ஓராசிரியர் பள்ளியே அதற்கு மூலம். கதையில் ஆசிரியராக வருபவன் ஓர் இளைஞன். உண்மையில் அங்கே ஆசிரியையாகச் சென்றவர் விஜயனின் சகோதரி. அவரைக் காணச் சென்று தங்கியபோதுதான் விஜயன் அவ்வூரை அறிந்தார். இதை நான் அறிந்த நாளில், கதைக்குள் வராமற்போன அந்த ஆசிரியையை எண்ணியே என் மனம் நெடுநேரம் நின்றது.

1965-ல் அம்மாவுக்கு மறையூர்ப் பக்கம் பணிமாற்றம் வந்தது. அஞ்சுநாடு என்று வழங்கும் அம்மலை ஊர்களிலும் தமிழ்தான் பேச்சு. அன்று அது கோட்டயம் மாவட்டம். 1972-ல் இடுக்கி மாவட்டமாயிற்று. கேரளத்தின் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகத் தமிழ்நாட்டின் வழியாகப் போகவேண்டும்: கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை, பின்பு சின்னாற்றுக் காடு. அப்பா தோட்டத்தை விட்டு வர இயலவில்லை. தம்பி பால்குடி மறவாதவன். அவனை அம்மா உடன் கொண்டு சென்றார். பன்னிரண்டு வயதான என்னை அப்பத்தாவிடம் விட்டுச் சென்றார்.

அன்பர்களே, இதை நான் எளிதில் மன்னித்துவிடவில்லை. வாரந்தோறும் அவருக்குக் கடிதம் எழுதுவேன். அவர் பதில் எழுதுவார். அதனுடன் என் கடிதத்தையும், பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். 'வருத்தமாக இறுக்கிறது' என்று நான் எழுதியிருந்ததில், றகரத்தைச் சுழித்து ரகரம் இட்டிருந்தார். வருத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்று மாதம் நான் எழுதவே இல்லை. அடுத்த விடுமுறைக்கு வந்தவர் அதுபற்றி ஒன்றும் கேட்கவில்லை; என் தலையை வாரிப் பின்னிவிட்டு, "இனித் திருத்தாமல் எழுதுகிறேன், நீ எழுது" என்றார். ஆனால் திருத்துவதை அவரால் விட முடியவில்லை.

அவர் மறைந்தபின் தகரப்பெட்டியைத் திறந்தேன். ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் கிடைத்தது. மறையூரில் அவர் வகுப்பிலிருந்து இடையில் நின்ற பெண்பிள்ளைகளின் பெயர்கள். எதிரே காரணம்: கரும்பு வெட்டு, சர்க்கரை ஆலை, தம்பியைப் பார்த்துக்கொள்ள, மாடு, வயது வந்தாள், திருமணம். நாற்பத்தொரு பெயர்கள். வீடு தேடிச் சென்ற தேதிகள் ஒவ்வொன்றின் கீழும் இருந்தன. சிலருக்கு ஐந்து முறை, ஆறு முறை. திரும்பி வந்தவர்க்குச் சிவப்புக் கோடு இட்டிருந்தார். கோடுகள் பதினேழு. அந்தப் பதினேழு பேருக்காகத்தான் நான் அப்பத்தாவிடம் வளர்ந்தேன் என்று அப்போது தோன்றிற்று. அது போதுமா என்றால், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இன்னும் போதாது என்றுதான் சொல்கிறாள். எழுபது கடந்த நான் அவளோடு வாதிடுவதில்லை.

ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் இவ்வாண்டு சேர்ந்து நின்றுவிட்ட பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களின் பெயர்களை நான் எழுதி வைத்திருக்கிறேன். பெற்றோர் வருந்த வேண்டாம். அடுத்த வாரம் நானே உங்கள் வீடுகளுக்கு வருகிறேன். அம்மாவின் நோட்டுப் புத்தகத்தை வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறேன். விரும்புவோர் பார்க்கலாம். தாள்கள் நைந்திருக்கின்றன, மெல்லப் புரட்டுங்கள்.