புள்ளியும் தராசும்



நல்லதண்ணியில் மழைக்காலத்து மாலையில் வானொலியைத் திருப்பினால், பேச்சோடு இரைச்சலும் கலந்தே வரும். இரைச்சலை விலக்கிப் பேச்சைப் பிரித்தெடுக்கும் வழிகளை ஆராயும் துறைக்குச் சமிக்ஞைச் செயலாக்கம் என்று பெயர். பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயில்வோர் இதன் அடிப்படைகளைக் கற்கின்றனர். அத்தகைய முதற்பாடத்திற்குப் புள்ளி வழங்குவது எவ்வாறு என்பதே இன்றைய என் பேச்சு.

எம் பாடசாலையில் பயின்ற தோட்டத் தொழிலாளியின் மகன் ஒருவன் பொறியியல் பீடத்திற்குத் தெரிவானான். முதற் பரீட்சைகளில் பின்தங்கி, விடுமுறையில் என்னைக் காண வந்தான். "கணக்கு விளங்குகிறது ஐயா, வினாவை வாசித்து முடிக்குமுன் நேரம் போய்விடுகிறது. படிப்பை விட்டுவிடலாமா?" என்று கேட்டான். பதின்மூன்று ஆண்டு தமிழில் பயின்றவன் அவன். நம் நாட்டுப் பொறியியல் பீடங்களிலோ போதனாமொழி ஆங்கிலம்.

பல்கலைக்கழக வாயிலில் ஒருவகைச் சமன்செய்தல் உண்டு. 2001 ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பர். கடினமான பாடமும் எளிய பாடமும் இவ்வாறு ஒப்புநோக்கப்படுகின்றன. நுவரெலியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. உள்ளே சென்றபின் எல்லோர்க்கும் ஒரே வினாத்தாள், ஒரே கடிகாரம்.

இங்கே அப்பாடமே நமக்கு வழிகாட்டுகிறது. ஓர் அளவீட்டில் பிழை தற்செயலாக நேர்வதாயின், ஒன்றையொன்று சாராத நான்கு அளவீடுகளின் சராசரியில் அப்பிழை பாதியாகும், ஒன்பதில் மூன்றிலொன்றாகும். காய்ச்சலும் தெரியாத வினாவும் தற்செயற் பிழைகளே. ஆதலின், ஓர் இறுதிப் பரீட்சையை மட்டும் நம்பாது, பயிற்சி, ஆய்வுகூடம், இடைப்பரீட்சை, இறுதிப் பரீட்சை எனப் புள்ளிகளைப் பகிர்ந்தளித்தல் நன்று. ஒவ்வொன்றின் பங்கும் முதல் நாளிலேயே மாணவர்க்கு அறிவிக்கப்பட வேண்டும்.

ஆயினும் வேறொரு பிழை உண்டு. கொழுந்து நிறுக்கும் தராசு தொடக்கத்திலேயே சாய்ந்திருப்பின், நூறுமுறை நிறுத்தாலும் அதே குறைவுதான் காட்டும். மொழித்தடை அத்தகைய சாய்வு. பரீட்சைகளைப் பெருக்குவதால் அது நீங்காது. தராசையே சரிபார்க்க வேண்டும். வினாக்கள் எளிய ஆங்கிலத்தில் அமைக. முதலாண்டில் வாசிக்கச் சற்று நேரம் கூடுதலாகக் கிடைக்க. விடைக்கு மட்டுமன்றி வழிமுறைக்கும் புள்ளி வழங்கப்படுக. தொடக்கத்திலேயே சிறு பங்குள்ள ஒரு பரீட்சை வைத்து, பிழைகளைக் குறித்து விரைவில் திருப்பித் தருக. சித்திக்குரிய எல்லையைத் தாழ்த்துமாறு நான் கேட்கவில்லை. அது பின்னர் அவன் அமைக்கும் கருவியை நம்புவோர்க்குச் செய்யும் தீங்காகும்.

"உன் நிறை குறையவில்லை, வாசிப்பு வேகமே குறைவு" என்று அவனிடம் சொன்னேன். நாள்தோறும் ஒருமணி நேரம் ஆங்கிலத்தில் பாடநூலை வாசிக்கவும், திருத்திய விடைத்தாளை விரிவுரையாளரிடம் காட்டி விளக்கம் கேட்கவும் பணித்தேன். அவன் படிப்பை விடவில்லை. இப்பொழுது இறுதியாண்டில் பயில்கிறான்.

நம் பிள்ளைகள் வேண்டுவது இரக்கமன்று, சரிபார்த்த தராசு.