கம்பனிகள் இணைந்தன, தொழிலாளர் கதி என்ன?

(தொழிலாளர் உரிமை பற்றிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



வயலை விற்பவர் ஒருவர், வாங்குபவர் மற்றொருவர். இருவருக்குமிடையே அவ்வயலிலே வியர்வை சிந்தி உழைத்த குத்தகை உழவனின் கதி யாது? இக்கேள்வி நமக்குப் புதியதன்று. அவ்வுழவனை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுப்பதற்காகவே 1958 ஆம் ஆண்டில் நம் நாட்டில் நெற்காணிச் சட்டம் இயற்றப்பட்டது.

இன்று அதே கேள்வி, ஏர் பிடித்தறியாத ஒரு கூட்டத்தாரின் முன்னே எழுந்து நிற்கின்றது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யப்பானிலும் கணனி விளையாட்டுகளை உருவாக்கும் தொழிலாளரையே குறிப்பிடுகின்றோம். விளையாட்டுத்தானே என்று எவரும் இதனை ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு பெரிய விளையாட்டை ஆக்குவதற்கு ஓவியரும், இசைவல்லாரும், கதாசிரியரும், கணித நிபுணரும், பிழை கண்டறியும் பரிசோதகரும் நூற்றுக்கணக்கிற் கூடி ஆண்டுக்கணக்காக உழைக்கின்றனர். கல்வியும் திறமையும் இருந்தால் வேலைக்குக் குறைவில்லை என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி வருகின்றோமே, அந்தக் கல்வியும் திறமையும் நிரம்பப் பெற்றவர்கள் இவர்கள். இவர்களுக்கு நேர்ந்ததை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

6,870 கோடி டொலர் வியாபாரம்

2022 ஜனவரி 18 ஆம் நாள், மைக்ரோசொப்ட் கம்பனி அக்டிவிஷன் பிளிஸார்ட் என்னும் விளையாட்டுக் கம்பனியை 6,870 கோடி டொலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அவ்வாண்டு டிசம்பரில் இதனை எதிர்த்து வழக்கிட்டது. பிரித்தானியப் போட்டி ஆணையம் 2023 ஏப்ரலில் தடை விதித்து, பின்னர் திருத்திய உடன்படிக்கைக்கு இணங்கியது. 2023 ஒக்டோபர் 13 ஆம் நாள் வியாபாரம் முடிவுற்றது.

மூன்று மாதங்கள் சென்றன. நான்காவது மாதம் நிறையுமுன்னர், 2024 ஜனவரி 25 ஆம் நாள், விளையாட்டுப் பிரிவிலிருந்த 22,000 பேரில் 1,900 பேருக்கு வேலையில்லை என்ற செய்தி வந்தது. பிளிஸார்டிலே பல ஆண்டுகளாக உருவாகிவந்த ஒரு விளையாட்டு முற்றாகக் கைவிடப்பட்டது. கம்பனி நொடித்துப்போனதால் நேர்ந்த துன்பமா இது? அதே வாரத்திலேதான் மைக்ரோசொப்டின் சந்தைப் பெறுமதி வரலாற்றில் முதன்முறையாக 3 இலட்சம் கோடி டொலரைத் தாண்டிற்று!

எழுத்திற் பெற்றவர் யார்?

நாம் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான். இந்த வியாபாரத்தினாற் பாதிக்கப்படக்கூடிய ஒவ்வொரு தரப்பினரும் தத்தம் நலத்தை எழுத்திற் பெற்றுக்கொண்டனர். பங்குதாரருக்குப் பங்கொன்றுக்கு 95 டொலர் கிடைத்தது. புகழ்பெற்ற 'கோல் ஒவ் டியூட்டி' விளையாட்டு தனக்கும் கிடைக்கவேண்டுமென நின்ற நின்டென்டோ கம்பனி பத்தாண்டு ஒப்பந்தம் பெற்றது. வியாபாரத்தைக் கடுமையாக எதிர்த்த சோனி கம்பனியும் 2023 ஜூலையில் அத்தகைய ஒப்பந்தத்தைப் பெற்றது. அடுத்த 15 ஆண்டுகளில் வெளியாகும் விளையாட்டுகளையும் உள்ளடக்கிய இணையவழி விளையாட்டு உரிமைகளைப் பிரான்சின் யூபிசொப்ட் பெற்றது. உழைத்தவன் பெற்ற வேலை உத்தரவாதம் எங்கே? அப்படியொரு பத்திரம் எழுதப்படவேயில்லை!

ஆட்குறைப்பு நடந்ததும், வர்த்தக ஆணைக்குழு 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றுக்குக் கடிதம் எழுதிற்று. இரு கம்பனிகளும் தனித்தனியே இயங்கும் என நீதிமன்றிற் கூறியதற்கு இது முரணன்றோ என்பதே அதன் முறைப்பாடு. இணைப்பு நடவாவிடினும் அக்டிவிஷன் பலரை நீக்கத் திட்டமிட்டிருந்தது என மைக்ரோசொப்ட் விடையிறுத்தது. 2025 மே மாதத்தில் நீதிமன்றம் ஆணைக்குழுவின் மேன்முறையீட்டை ஏற்க மறுத்தது. ஆணைக்குழுவும் வழக்கைக் கைவிட்டது. அந்த வழக்கு போட்டி பற்றியது, விலை பற்றியது, வாங்குவோர் நலம் பற்றியது. வேலையிழந்தோர் அங்கே வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். அவர்கள் இரு தரப்பு வாதத்துக்கும் உதாரணமாயினர், அவ்வளவே.

வெற்றியும் காக்கவில்லை

திறமையற்றோர் நீங்கினர் என்று சொல்வாரும் உளர். அவர்களுக்கு யப்பானிலிருந்தே மறுமொழி உண்டு. 2021 இல் பெதெஸ்டா குழுமத்தை மைக்ரோசொப்ட் வாங்கியபோது, தோக்கியோவிலுள்ள டாங்கோ கேம்வேர்க்ஸ் என்னும் கூடமும் அதனோடு கைமாறிற்று. அக்கூடம் 2023 ஜனவரியில் வெளியிட்ட 'ஹை-ஃபை ரஷ்' என்ற விளையாட்டு யாவராலும் பாராட்டப்பட்டு, 2024 ஏப்ரலில் பிரித்தானிய பாஃப்டா விருதையும் வென்றது. அடுத்த மாதமே கூடத்தை மூடப்போவதாக அறிவித்தனர்! ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராப்டன் கம்பனி அவ்விளையாட்டின் உரிமையை வாங்கிக் கூடத்துக்கு மறுவாழ்வளித்தது. பயனற்றதாயின் மற்றொருவர் வாங்கியிருப்பாரா? விதைநெல்லைக் குத்தி உண்பவனுக்கு அன்றைய பசி தீரும். அடுத்த போகத்துக்கு அவன் எங்கே போவான்?

சுவீடனின் எம்பிரேசர் குழுமத்தின் கதை வேறு வகையானது. ஆண்டுக்காண்டு கம்பனிகளை வாங்கிக் குவித்தது அக்குழுமம். 2023 மே மாதத்தில், அது நம்பியிருந்த 200 கோடி டொலர் ஒப்பந்தமொன்று கைகூடாமற் போயிற்று. கடனைக் குறைக்கும் திட்டம் ஜூனில் வந்தது. 1993 இலிருந்து இயங்கிவந்த வொலிஷன் என்னும் அமெரிக்கக் கூடம் ஆகஸ்ட் இறுதியில் மூடப்பட்டது. சில மாதங்களுள் 1,300 க்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். கணக்குப் போட்டவர் வேறு. கணக்குத் தப்பியதற்குத் தண்டம் கட்டியவர் வேறு.

மறுதரப்பின் வாதம்

நியாயத்தை நாம் மறைக்கலாகாது. எல்லா ஆட்குறைப்பும் இணைப்பின் விளைவல்ல. கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் வீட்டிலிருந்து விளையாட, கம்பனிகள் மிகுதியாக ஆட்சேர்த்தன; பின்னர் வருமான வளர்ச்சி தளர்ந்தது. 2024 பெப்ரவரியில் சோனியும் தன் விளையாட்டுப் பிரிவில் ஏறத்தாழ 900 பேரை நீக்கியது. இரு கம்பனிகள் ஒன்றாகும்போது ஒரே வேலைக்கு இருவர் இருப்பர் என்பதும் மெய்யே. ஆனால் அதனை முன்னரே அறிந்துதானே விலை பேசினர்? அறிந்ததை உழைப்பாளியிடம் ஏன் முன்னரே சொல்லவில்லை? 2025 ஜூன் 30 இல் முடிந்த நிதியாண்டில் மைக்ரோசொப்டின் நிகர இலாபம் 10,100 கோடி டொலருக்கு மேல். ஜூலை 2 ஆம் நாள் ஏறத்தாழ 9,000 பேருக்கு விடை கொடுக்கப்பட்டது!

வழி யாது?

அமெரிக்காவின் 1988 ஆம் ஆண்டுச் சட்டம், நூறு பேருக்குக் குறையாத நிறுவனங்கள் பெருந்தொகையானோரை நீக்குமுன் 60 நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்கிறது. அறிவித்தல் போதும், அனுமதி வேண்டியதில்லை. நம் நாட்டின் 1971 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கச் சட்டமோ, பதினைந்து பேருக்குக் குறையாத தொழில் நிலையங்களில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நீக்குவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ வேண்டி நிற்கின்றது. இச்சட்டம் தொழில் முயற்சிக்கு இடையூறு என்று குரல் எழுப்புவோர் உளர். அதனைத் தளர்த்துமுன், தளர்ந்த இடத்தில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அமெரிக்கத் தொழிலாளரும் வாளாவிருக்கவில்லை. 2022 ஜூனில் தகவற்றொடர்புத் தொழிலாளர் சங்கம், சங்கம் அமைப்பதற்குத் தடையாக நிற்பதில்லை என்ற உடன்பாட்டை மைக்ரோசொப்டிடமிருந்து பெற்றது. 2024 மார்ச்சில் அக்டிவிஷனின் பரிசோதகர் ஏறத்தாழ 600 பேர் சங்கமாயினர். 2025 ஜூனில் பெதெஸ்டாவின் தாய்க்கம்பனியான செனிமக்ஸின் பரிசோதகர் முதலாவது கூட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றினர். காரணமின்றி நீக்குவதற்கு எதிரான பாதுகாப்பு அதிலே எழுதப்பட்டுள்ளது. ஆட்குறைப்பு அத்தனையையும் அது தடுத்துவிடாது. ஆயினும் தொழிலாளருக்கென்றும் ஒரு பத்திரம் இப்போது உண்டு.

அன்பர்களே! நம் பிள்ளைகளுட் பலர் இன்று கணனித் தொழிலை நாடிச் செல்கின்றனர். நியமனக் கடிதம் வந்ததும் சம்பளத் தொகையை மட்டும் பார்த்து மகிழ்கின்றோம். கம்பனி கைமாறினால் என் கதி என்ன என்ற கேள்விக்கு அக்கடிதத்தில் விடை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையாயின் தனித்து நின்று கேட்க வேண்டாம். கூடி நின்று கேட்கச் சொல்லுங்கள். குத்தகை உழவனுக்குச் சட்டம் தானாக வந்துவிடவில்லை, கேட்டதனால் வந்தது.