தானாத் தேடிக்கிட்ட பேரு

பெற்றோர் வைத்த பெயரே பெருமை என்று எதிரணியினர் முழங்கிவிட்டுப் போனார்கள். எங்க கோவில்பட்டி ரயில் பைத்தியங்க தங்களுக்கு வெச்சுக்கிற பேரைக் கேளுங்கய்யா. ஒருத்தன் 'சி.வி.பி.' அது தகப்பன் இனிஷியல் இல்ல, எங்க ஸ்டேஷனோட குறியீடு! இன்னொருத்தன் 'ஈரோடு வாப்-4', மின்சார இன்ஜின். மூணாவது ஆளு 'ஒய்.டி.எம்.-4.' ஒய்னா மீட்டர்கேஜ், டின்னா டீசல், எம்முன்னா சரக்கும் இழுக்கும், ஆளையும் இழுக்கும். அந்தத் தண்டவாளத்தையே பேத்து எடுத்தாச்சு. இவன் பேரை விடலை! (கைதட்டல்)

கரிசக்காட்டுல சொந்தப் பேரைச் சொன்னா, அடுத்து 'எந்தத் தெரு?'ம்பாங்க. எதுக்குக் கேக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். இவன்கிட்ட 'எந்த ஷெட்டு?'ன்னுதான் கேக்க முடியும். 'பொன்மலை'ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவான்!