கோட்டைச் சிறையில் நான்கு மாதம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேசுமாறு என்னைப் பணித்த செயலாளர் அவர்கள், "இலக்கியம் பேசப் புலவர் ஒருவர் வருகிறார், நீர் வேறு ஏதேனும் பேசும்" என்று கூறிவிட்டார்கள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் கணக்கெழுதிவரும் எனக்கு அது பெரிய விடுதலையாயிற்று. ஆகவே, பிழைப்பிற்காக அன்றி வேறொரு நோக்கத்தோடு கடல் கடந்து தமிழகம் வந்த ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவித் தமிழ் நூல்களை அச்சிட்டவர் என்று அவரைப் பலரும் அறிவர். நான் பேச வந்தது அவ்வச்சுக்கூடத்தைப் பற்றியன்று. அவர் ஒரு பணியும் ஆற்றவொண்ணாதபடி அடைத்து வைக்கப்பட்டிருந்த நான்கு மாதங்களைப் பற்றியே.

நானோ சைவக் குடியிற் பிறந்தவன். கிறித்தவப் பாதிரியார் ஒருவரைப் பற்றி இவன் ஏன் பேசவேண்டும் என்று சிலர் எண்ணலாம். அவர் நம்மவரைத் தம் சமயத்திற்கு மாற்றவே வந்தார். நம் தெய்வங்களைப் பொய்யென்றே கருதினார். இவற்றை நான் மறைக்கவில்லை. அவற்றில் அவரோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆயினும், வந்த இடத்தில் நின்று, "நான் எதை நம்புகின்றேன்? எதற்காக இங்கு வந்தேன்?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட மனிதர் எச்சமயத்தவராயினும், அவரிடம் நமக்கு ஒரு வேலை இருக்கின்றது.

அவர் 1682ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுச் சாக்சனியில் புல்சுநிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே நோய்வாய்ப்பட்ட உடம்பினர். ஹாலே நகரிற் பயின்ற அவரையும் புளூட்சோ என்னும் தோழரையும் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் இந்தியாவுக்கு அனுப்பினார். 1706 ஜூலை 9ஆம் நாள் இருவரும் தரங்கம்பாடி சேர்ந்தனர். 1620 முதல் அவ்வூர் டேனியர் வசம் இருந்தது. மன்னர் அனுப்பிய ஆட்களே எனினும், அங்கு வாணிகம் நடத்திய கம்பெனியாருக்கு அவர்கள் வரவு சிறிதும் பிடிக்கவில்லை. சமயப் பேச்சு வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் அச்சம். வந்திறங்கிய அன்று அவ்விருவரும் வரவேற்பார் இன்றித் தெருவில் நின்றனர் என்று அவர்தம் வரலாற்றை எழுதினோர் கூறுவர். தாதர் நிலையத்தில் தகரப்பெட்டியுடன் இறங்கி, முகவரிச் சீட்டைக் கையிற் பிடித்து, எப்பக்கம் போவதென்று தெரியாது விழித்தவர்கள் இவ்வவையிலும் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு நான் இதனை விளக்கவேண்டுவதில்லை.

திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கே வரவழைத்து, அப்பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அவர் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டில் ஓலைச்சுவடிகள் பலவற்றைத் திரட்டி, 1708இல் அவற்றிற்கு ஒரு பட்டியலும் எழுதினார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி ஆகிய மூன்றையும் அவ்வாண்டிலேயே ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். அறம் போதிக்க வந்தவர், தாம் போதிக்க வந்த மக்களிடமே அறநூல்கள் இருக்கக் கண்டார். அப்போது அவர் உள்ளத்தில் என்ன நிகழ்ந்திருக்கும்? "அப்படியாயின் என் வேலை யாது?" என்னும் வினா அங்கேயே முளைத்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அவ்வாண்டு அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்க்கத் தொடங்கினார். நவம்பரில் அவரைச் சிறையிலிட்டார்கள்!

நிகழ்ந்தது இது. நாவிதர் ஒருவர் இறந்துபோக, அவருக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையே இருந்த கடன் வழக்கில் அவர்தம் கைம்பெண் சிக்கிக்கொண்டாள். அவ்வேழைக்காகச் சீகன்பால்கு மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். டேனியக் கோட்டையின் தலைவர் ஹாசியுஸுக்கு இது வரம்பு மீறிய செயலாகத் தோன்றவே, நேரில் வருமாறு ஆள் விட்டார். "எழுத்தில் ஆணை தருக" என்றார் இவர். (அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் இவ்விடத்தில் புன்னகை செய்வது எனக்குத் தெரிகின்றது.) உடனே பிடித்துக் கொண்டுபோயினர். வினாக்களுக்கு விடை கூற மறுத்தமையால் கோட்டையில் அடைத்தனர். 1709 மார்ச்சு வரை, நான்கு மாதத்திற்குச் சற்று மேலாக, அவர் அங்கேயே இருந்தார். வயது இருபத்தாறு.

பெருமக்களே, அவர் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். அவரை அடைத்தவர்கள் பகைவரல்லர். அவரை அனுப்பிய மன்னரின் கொடியைப் பறக்கவிட்ட அதே கோட்டையார். தொடங்கிய மொழிபெயர்ப்பு ஒரு மாத அளவில் நின்றது. ஊருக்கு எழுதினாலும் கடிதம் கப்பலேறிப் போய் விடை வரப் பல மாதங்கள் ஆகும். "நான் வந்ததே தவறோ?" என்று ஒருவன் கேட்டுக்கொள்ள இதனினும் தக்க இடம் வேறில்லை.

அந்தச் சிறையில் அவர் இரண்டு நூல்களை ஜெர்மன் மொழியில் எழுதினார். ஒன்று, இறைவனுக்கு உகந்த கிறித்தவ வாழ்வைப் பற்றியது. மற்றொன்று, இறைவனுக்கு உகந்த போதகப் பணியைப் பற்றியது. தம்மைச் சிறையிட்டவர்மீது குற்றப்பத்திரிகை எழுதியிருக்கலாம். நாமாயின் அதைத்தான் முதலில் எழுதியிருப்போம். அவரோ, முதலில் நம்பிக்கை என்பது யாது, பின்னர் அந்நம்பிக்கையாளன் செய்யவேண்டிய வேலை யாது என்று இவ்வரிசையில் அமர்ந்து சிந்தித்திருக்கின்றார். இவ்வரிசைதான் என்னைக் கவர்ந்தது.

இதனை நான் படித்தபோது 2020ஆம் ஆண்டு என் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இந்நகரின் புறநகர் வண்டிகள் நின்றன. ஜூன் 15 முதல் இன்றியமையாப் பணியாளர்க்கு மட்டும் சில வண்டிகள் ஓடின. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும் நடைமேடைகளில் காகங்கள் உலாவியதை நான் கண்டேன். தாராவியில் பத்தடி அறைக்குள் ஏழெட்டுப் பேர் அடைந்து கிடந்தோம். எங்கள் சந்தில் குடியிருக்கும் திருநெல்வேலிச் சீமை முதியவர் ஒருவர், தோல் பதனிடும் தொழிலில் காலமெல்லாம் உழைத்தவர், ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஓடிக்கிட்டே இருந்தேன். இப்பதான் நின்னிருக்கேன். எதுக்கு ஓடினேன்னு யோசிச்சா ஒண்ணும் பிடிபடலையே."

"பிள்ளைகளை ஆளாக்கினீர்களே, அண்ணாச்சி" என்றேன்.

"ஆளாக்கினேன். என் பேரன் என்கிட்டப் பேசுறது பாதி எனக்கு விளங்கலை. ஊரிலிருந்து வர்ற கல்யாணப் பத்திரிகையை அவனால படிக்க முடியலை" என்றார்.

அதற்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை. என் வீட்டிலும் அதே கதைதான். என் மகள் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் நன்கு எழுதுவாள். தமிழில் தன் பெயரை எழுதச் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பாள். வேலைக்குப் போக வர நாள்தோறும் மூன்று மணி நேரம் செலவிட்டேனே தவிர, அவளோடு அமர்ந்து அகரம் எழுதுவிக்க அரைமணி ஒதுக்கினேனல்லேன். நேரமில்லை என்று நெடுநாள் சொல்லிவந்தேன். வண்டிகள் நின்ற அம்மாதங்களில் அச்சொல்லும் என்னைக் கைவிட்டது.

சிறையினின்றும் வெளிவந்த சீகன்பால்குக்கு எல்லாம் இனிதாக முடிந்ததென்று எண்ணவேண்டா. ஹாசியுஸோடு பிணக்கு நீடித்தது. ஆயினும் 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை முடித்தார். 1714, 1715 ஆண்டுகளில் அது அச்சேறியது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் விரிவாக ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர்கள், புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அதனை அச்சிடாது ஒதுக்கிவிட்டனர். 1867இல் சென்னையில்தான் அந்நூல் அச்சாயிற்று. இறுதி நாட்களிலும் கோபன்ஹேகனிலிருந்த மேலாளர்கள், கோயில் கட்டுவதும் பள்ளி நடத்துவதும் எதற்கு என்று கடிந்து எழுதினர். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் நிறைவெய்தியது; 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில், அவர் மறைந்தார். அவ்வாலயத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. ஊருக்குப் போகும்போது மயிலாடுதுறையில் இறங்கினால் தரங்கம்பாடிக்குப் பேருந்து உண்டு. டேனியர் கோட்டையும் கடலோரத்தில் இன்றும் நிற்கின்றது. அதன் அறைகளிற் சென்று நின்றபோது எனக்குக் கடலொலி தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இப்போது பதினொரு பிள்ளைகள் பயில்கின்றனர். அவர்களுள் என் மகளும், அம்முதியவரின் பேரனும் உளர். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதித் தொடங்கியவர்கள், சென்ற மாதம் கொன்றை வேந்தனுக்கு வந்திருக்கின்றார்கள். வகுப்பு காலை 10 மணிக்கு. இன்னும் இடம் இருக்கின்றது. ஆசிரியர் ஒருவர்தாம் போதவில்லை.