பெண்ணின் இதயமும் ஆட்சியாளர்களின் கணக்கும்

(மக்கள் நல்வாழ்வு குறித்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இதய நோய் ஆண்களின் நோய் என்ற எண்ணம் இன்னமும் வலுவாக உள்ளது. அதற்கு வலுவூட்டும் செலவுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதை நாம் பரிசீலிக்க வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பு, பெண்களுக்கு மாரடைப்பு அபாயம் அதே வயது ஆண்களைவிடக் குறைவு. ஆகவே ஒரே வயதினருக்கு ஒரே மருந்தைக் கொடுத்தால், ஒரு மாரடைப்பைத் தடுக்க ஆகும் செலவு பெண்களிடம் கூடுதலாகிறது. மருந்தின் பலனும் வேறுபடுகிறது. அமெரிக்காவில் சுமார் 22,000 ஆண் மருத்துவர்களிடம் நடத்தி 1989இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மாரடைப்பை 44 சதவீதம் குறைத்தது. ஏறத்தாழ 40,000 பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்விலோ, ஒட்டுமொத்தமாக மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதமே குறைந்தது. ஆணின் உடலை அளவுகோலாக்கிய முடிவைப் பெண் மீது அப்படியே சுமத்த முடியாது.

இது உடலியல் வேறுபாடு. சமூகம் உண்டாக்கும் வேறுபாடு இதனினும் கொடியது. நீரிழிவு வந்துவிட்டால் பெண்ணின் இயற்கைப் பாதுகாப்பு பெருமளவு பறிபோகிறது. ஆனால் மூச்சுத்திணறல், குமட்டல், தாடைவலி, கடும் அசதி என்று அவர் சொன்னால், 'வாயுத் தொல்லை' என ஒதுக்கிவிடுகிறார்கள். காலம் கடந்து தரும் சிகிச்சைக்குச் செலவு அதிகம், பலன் குறைவு. புறக்கணிப்பின் இந்த விளைவே பிறகு பெண்ணுக்கு எதிரான கணக்காகிறது. குழந்தைகளும் தப்பவில்லை. பிறவி இதயக் குறைபாட்டுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டோரில் ஆண் குழந்தைகள் 70 சதவீதத்தினரும் பெண் குழந்தைகள் 44 சதவீதத்தினருமே அதைப் பெற்றதாக, 2011இல் வெளியான தில்லி எய்ம்ஸ் ஆய்வு காட்டியது.

இழந்த கூலியை வைத்து உயிரின் பயனை மதிப்பிடும் முறையும் உண்டு. கூலியற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக 2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பே கூறுகிறது. அந்த உழைப்புக்கு இம்முறையில் மதிப்பு பூஜ்யம்!

ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்கிறது. அதுவும் மருத்துவமனையில் படுத்தால்தான். மாரடைப்பைத் தடுக்கும் அன்றாட மாத்திரைக்கு அதில் இடமில்லை. வீட்டில் பணம் குறைந்தால் முதலில் நிற்பது தாயின் மாத்திரைதான்.

எனவே தோழர்களே, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகள் தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். வீடுதோறும் செல்லும் ஆஷா ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும். இக்கோரிக்கைகளை ஒவ்வொரு கிளையும் மக்களிடம் கொண்டு செல்வோம்!