விந்துக்குழாயும் கருக்குழாயும்



மருத்துவர்களும் மக்கள்தொகை ஆய்வாளர்களும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கருத்தடையைப் பற்றிப் பேசுவது அடிக்கடி வாய்ப்பதில்லை. எனவே, நேராக விஷயத்துக்குப் போகலாம்.

ஆணின் கருத்தடை ஆபரேஷனில் துண்டிக்க வேண்டிய விந்துக்குழாய் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது; விரலால் தொட்டே அறியலாம். மரத்துப்போக ஒரு ஊசி, ஒரு சிறு துளை, சில நிமிடங்கள், வேலை முடிந்துவிடும். சீனாவின் சிச்சுவானில் லி ஷுன்சியாங் 1974-இல் கத்தி வைக்காத முறையைக் கண்டபின் தையல்கூடத் தேவைப்படுவதில்லை. பெண்ணின் கருக்குழாயோ வயிற்றுக்குள் இருக்கிறது; லேப்ராஸ்கோப்பியே ஆனாலும் வயிற்றைத் துளைத்தாக வேண்டும். எது எளிய ஆபரேஷன் என்பதில் இங்கே எவருக்கும் ஐயம் இருக்காது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமாகிக் குடும்பம் நடத்தும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 37.9 விழுக்காட்டினர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் பாதிக்கும் மேல்.

எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்றில்லை. 1971 ஜூலையில் எறணாகுளம் கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில், ஒரே மாதத்தில் 60,000-க்கும் அதிகமான ஆண்கள் வாசெக்டமி என்னும் அந்த எளிய ஆபரேஷனைச் செய்துகொண்டார்கள். பணமும் பரிசும் திருவிழாக் கோலமுமாக நடந்த முகாம் அது. அந்த எண்ணிக்கையைப் பார்த்து டெல்லி மயங்கியதில் வியப்பில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் பரிசின் இடத்தை மிரட்டல் பிடித்துக்கொண்டது. ஆபரேஷனுக்கு ஆள், அதாவது 'கேஸ்', பிடித்து வராத ஆசிரியரின் சம்பளம் நின்றது. 1976-77-இல் நடந்த ஆபரேஷன்கள் 80 லட்சத்துக்கும் மேல்; அவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசி ஆண்களுக்கு. தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது, அடுத்த ஆண்டின் மொத்தக் கணக்கு 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தது.

பின்னால் வந்த அரசுகள் இதிலிருந்து ஒரு பாடம் கற்றன. அது தவறான பாடம். இலக்கை விடவில்லை, ஆளை மாற்றினார்கள். ஆண் ஓட்டுப் பெட்டியில் கோபத்தைக் காட்டிவிட்டான். பெண்ணோ பிரசவத்துக்காகத் தானே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், படுக்கையில் இருக்கிறாள், கூட நிற்பவர்கள் மாமியாரும் கணவரும். 1996-இல் இலக்கு முறை காகிதத்தில் ஒழிந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து முடித்ததைப் பார்த்தால், காகிதத்துக்கு வெளியே அது உயிரோடுதான் இருந்தது. அங்கு அந்த நாட்களில் நடந்த முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தார்கள். இத்தகைய முகாம்களை எதிர்த்துத் தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தும்படி 2016-இல் சொன்னது.

கருத்தடை மாத்திரையின் கதையிலும் யாருடைய உடம்பு என்ற கேள்வி இருக்கிறது. கிரகரி பிங்கஸின் ஆய்வுக் குழு உருவாக்கிய மாத்திரை 1956-இல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அதில் இருந்த ஹார்மோன், இன்றைய மாத்திரைகளில் இருப்பதைவிடப் பல மடங்கு. நூற்றுக்கு 17 பேருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் வாந்தியும் வருவதாகச் சோதனையை நடத்திய டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதினார். அதில் பெரும்பங்கு மனப்பிரமை என்று தள்ளிவிட்டார் பிங்கஸ். 1960-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் வந்துவிட்டது. ரத்தம் உறையும் அபாயத்தைச் சொல்லும் தாள் மாத்திரைப் பெட்டிக்குள் வர, 1970-இல் செனட் விசாரணை நடந்த அறையில் பெண்கள் எழுந்து நின்று கூச்சல் போட வேண்டியிருந்தது.

இதன் அருகே இன்னொரு சோதனையை வைத்துப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில், 320 ஆண்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கருத்தடையாக அது நன்றாகவே வேலை செய்தது. மனச்சோர்வு, முகப்பரு போன்ற பக்கவிளைவுகளைக் கண்ட பாதுகாப்புக் குழு, 2011-இல் சோதனையைப் பாதியில் நிறுத்தியது. 2016-இல் முடிவு வெளியானபோது, ஆண்களுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்று பத்திரிகைகள் கேலி பேசின. கேலி ஆள் மாறிப் போய் விழுந்தது: பங்கேற்ற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஊசியைத் தொடர விரும்புவதாகவே சொல்லியிருந்தார்கள். நிறுத்தியவர்கள் செய்ததும் சரிதான். அந்த அக்கறை 1956-இல் எங்கே போயிருந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்தியாவில், வேண்டும்போது நிறுத்தக்கூடிய முறைகள் கடைசி வரிசையில்தான் நின்றன. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஹார்மோன் அல்லாத சென்ட்குரோமன் மாத்திரை 1991-இல் 'சகேலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அரசு மருத்துவமனைகளில் 'சாயா'வாக இலவசமாகக் கிடைக்கக் கால் நூற்றாண்டு பிடித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி 2017-இல் வந்தது. இத்தகைய ஊசிகளைப் பெண்கள் அமைப்புகள் எண்பதுகளில் உச்ச நீதிமன்றம் வரை சென்று எதிர்த்தன. அது அறியாமையால் வந்த எதிர்ப்பு அல்ல. போட்டபின் திரும்ப எடுக்க முடியாத மருந்தை, தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லாத ஊரில் யார் பொறுப்பில் போடுவது என்றுதான் கேட்டார்கள்.

இங்கே படிக்கப்படும் கட்டுரைகள் வெற்றி விகிதங்களோடு நின்றுவிடக் கூடாது. சம்மதத் தாளில் கையெழுத்து எப்போது வாங்கப்பட்டது, கர்ப்பகாலப் பரிசோதனையின்போதா பிரசவ வலியின் நடுவிலா? வாசெக்டமி செய்துகொண்டவரிடம், மூன்று மாதம் வேறு தடுப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை வேண்டும் என்று யாராவது உட்காரவைத்துச் சொன்னார்களா? இதற்கெல்லாம் விடை தெரிந்தவர்கள் செவிலியர்கள். அதனால் முதல் அமர்வு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பேராசிரியர்களின் கட்டுரைகள் மதிய உணவுக்குப் பிறகு.