ஒரு ஜிக் போதும்: தூண்டில் வாங்கும் முன் கதைக்க வேண்டியவை

(கண்டி மாவட்டத்தில் மீளத் திரும்பும் குடும்பங்களுக்கான வாழ்வாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு திரும்பியதும் கூரை, மலசலகூடம், பாடசாலை உபகரணங்கள் என்று செலவு வரிசையில் நிற்கும். மரக்கறித் தோட்டம் பலன் தர இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை பிள்ளைகளின் சோற்றுக்கோப்பையில் ஒரு துண்டு மீன் விழ வேண்டும் என்பதே நமது எண்ணம். மகாவலிக் கரையிலும் விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் குடியிருப்பவர்கள் பலர் தூண்டில் வாங்கப் போகிறோம் என்று சொன்னார்கள். நல்லது. ஆனால் உதவிக் கொடுப்பனவைக் கடையில் தொங்கும் மினுமினுப்புக்குக் கொடுத்துவிடக் கூடாது. அதைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறோம்.

ஜிக் என்றால் என்ன?

ஈயத் தலை ஒன்று. அதில் பொருத்திய ஒற்றை முள். முள்ளைச் சுற்றி ரப்பர் குஞ்சமோ, ரப்பர் புழுவோ. இவ்வளவுதான். பொதிகளில் வாய் பெருத்த பச்சை மீனின் படம் இருக்கும். அது அமெரிக்காவின் பாஸ் மீன். நமது மகாவலியில் அது இல்லை. ஆனால் அதைப் போலவே புல்லுக்குள் பதுங்கியிருந்து பாய்கிற மீன் நம்மிடம் இருக்கிறது: விரால். சிங்களத்தில் லூலா என்பார்கள். குழந்தை பெற்ற தாய்க்குச் சமைத்துக் கொடுக்கும் அதே மீன்தான். பாஸுக்குச் செய்த ஜிக் விராலுக்கும் பொருந்துவது இதனால்தான்.

கடையில் எதை எடுப்பது?

ஜிக் என்று கேட்டால் கடைக்காரர் மூன்று விதமான சாமானைக் காட்டக்கூடும்.

முதலாவது, நீளமான பளபளப்பு உலோகத் துண்டு. அது ஆழ்கடலுக்கு உரியது. நமது கரையில் எறிந்தால் நேரே சேற்றில் போய்ப் புதையும். வேண்டாம்.

இரண்டாவது, மூன்று முனை முள் தொங்குவது. விக்டோரியாவின் அடியில் பழைய மரக்கட்டைகளும் கிளைகளும் கிடக்கின்றன. மூன்று முனையும் மூன்று இடத்தில் மாட்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் ஆபத்தும் கூட. இதுவும் வேண்டாம்.

மூன்றாவது, நான் முதலில் சொன்ன ஒற்றை முள் ஈயத்தலை. இதை எடுங்கள். எடுக்கும்போது ஐந்து விடயங்களைப் பாருங்கள்.

1. நிறை: 7 முதல் 10 கிராம். இதைவிடப் பாரம் குறைந்தால் கைத்தூண்டிலால் தூரம் எறிய முடியாது. கூடினால் சேற்றில் இறங்கும்.

2. முள்: முனையை நகத்தில் மெதுவாக வைத்து இழுங்கள். வழுக்கினால் கூர் போதாது. நகத்தில் கொத்தி நின்றால் நல்லது. விராலின் வாய் எலும்பு கடினம். மெல்லிய கம்பி முள் நிமிர்ந்துவிடும்.

3. புல்காப்பு: முள் முனைக்கு முன்னால் நைலோன் மயிரோ மெல்லிய கம்பியோ சாய்ந்து நிற்கும். புல்லிலும் கிளையிலும் மாட்டாமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் ரப்பர் புழுவின் உடலுக்குள் முள் முனையை மறைத்துக் கோர்க்கலாம்.

4. நிறம்: ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் கறுப்பு அல்லது கடும் மண்ணிறம். மழை பெய்து தண்ணீர் கலங்கினாலும் கறுப்பின் நிழல் மீனுக்குத் தெரியும்.

5. விலை: ஒரு கிலோ திலாப்பியாவின் விலைக்கு மேல் ஒரு ஜிக்குக்குக் கொடுக்காதீர்கள். முதல் நாளே அது கட்டையில் மாட்டி அறுந்து போகலாம். அறுந்தால் மனம் நோகாத விலையில் இரண்டு வாங்குவது, மனம் நோகும் விலையில் ஒன்று வாங்குவதைவிட மேல்.

ஒரே ஜிக் எல்லா மீனுக்கும் போதுமா?

உண்மையைச் சொல்ல வேண்டும்: போதாது. நமது நீர்த்தேக்கங்களில் அதிகம் பிடிபடுவது திலாப்பியா. இலங்கைக்கு 1950களில் கொண்டுவரப்பட்ட மீன் அது. அதன் வாய் சிறியது. விராலுக்கான முள்ளை விழுங்காது. ஆகவே ஜிக்குடன் சிறிய வெறும் முள் பொதி ஒன்றும் வாங்குங்கள். அதில் மண்புழு அல்லது கோதுமை மா உருண்டை கோர்த்து, மிதவை கட்டிப் போட்டால் திலாப்பியா வரும். ஜிக்கின் ரப்பர் கிழிந்துபோனால் புதிது வாங்க ஓட வேண்டாம். அதே முள்ளில் மண்புழுவைக் கொத்தாகக் கோர்த்தால் விராலும் கெளுத்தியும் எடுக்கும். வானிலையும் தண்ணீரும் மாறினாலும் ஒரு ஜிக்கை வைத்துச் சமாளிப்பது இப்படித்தான்.

தங்கூசி 0.40 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கட்டும். தடி வாங்கக் காசு இல்லையென்றால் வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தலில் சுற்றிக்கொண்டு எறியலாம். முடிச்சுப் போடும் விதம் இது: நூலை முள்ளின் கண்ணுக்குள் விட்டு, நூலின் மேலேயே ஐந்தாறு தரம் முறுக்கி, கண்ணை ஒட்டிய வளையத்துக்குள் முனையை நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இழுத்தால் நூல் சூடேறிப் பலம் குறையும்.

எறிவது எப்படி?

புல் ஓரம், சாய்ந்த மரத்தின் நிழல், சிறு ஓடை வந்து சேரும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். தண்ணீர்ப் பரப்பில் ஒரு சிறு குமிழியும் வளையமும் தெரிந்தால் அங்கே அது இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டி எறியுங்கள். அடியில் தட்டும்வரை விடுங்கள். ஒரு சாண் உயர்த்துங்கள். மறுபடி விழ விடுங்கள். பெரும்பாலும் விழும்போதுதான் மீன் கவ்வும். ஆகவே கண் நூலில் இருக்கட்டும்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே துள்ளினால் அந்த இடத்தை விடுங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அவற்றைப் பிடித்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும்; அடுத்த வருடம் உங்களுக்கும் இல்லை. மகாவலிக்கே உரிய பெரிய விரால் இனம் ஒன்றும் உண்டு. கங் ஆரா என்பார்கள். அது மாட்டினால் விட்டுவிடுங்கள்.

உயிரைக் காக்கும் சில சொற்கள்

பொல்கொல்லை அணைக்குக் கீழே ஆற்றில் கல் தெரிகிறதே என்று நடுவில் போய் நிற்காதீர்கள். வான்கதவு திறந்தால் தண்ணீர் திடீரென ஏறும். அபாயச் சங்கு கேட்டதும் சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

முள் மாட்டினால் எடுக்கத் தண்ணீரில் இறங்க வேண்டாம். நூலைக் கையில் சுற்றி இழுக்கவும் வேண்டாம். ஒரு தடியில் சுற்றி இழுத்து அறுத்துவிடுங்கள். மண்சரிவு நடந்த கரையில் நிலம் இன்னும் இறுகியிருக்காது, விளிம்பில் நிற்காதீர்கள்.

கண்டி நகரத்தின் கழிவுநீர் மெத எல வழியாகக் கெட்டம்பேப் பக்கம் மகாவலியில் சேருகிறது. அந்த வாய்க்கால் வாயில் பிடித்த மீனைச் சமைக்க வேண்டாம். செத்து மிதக்கும் மீனையும் எடுக்க வேண்டாம். கண்டி வாவியில் மீன் பிடிக்கக் கூடாது.

காலில் புண் இருந்தால் சேற்றில் நிற்காதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலும் தசைவலியும் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்ணீரில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஈயத்தைப் பல்லால் கடிக்காதீர்கள். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். காசு மிச்சப்படுத்தப் பழைய பற்றரி ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி ஜிக் வார்க்க எவரும் நினைக்க வேண்டாம். அந்தப் புகையும் தூசும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மிச்சம் பிடிக்கும் காசு அதற்கு ஈடாகாது.

சட்டம்

நஞ்சோ வெடியோ போட்டு மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்படி குற்றம். நீர்த்தேக்கத்தில் தோணி விட்டு வலை போட அனுமதிப்பத்திரம் வேண்டும். விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே பகுதி 1987 முதல் சரணாலயம். ஆகவே கரையில் தூண்டில் போடவும் எங்கே இடமுண்டு, எங்கே இல்லை என்பதை முதலில் கிராம உத்தியோகத்தரிடமும், நக்டா எனப்படும் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். ஊரில் மீனவர் சங்கம் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் நீங்கள் இல்லாத காலத்திலும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டவர்கள்.

கடைக்குப் போகும்போது இந்தப் பட்டியல் போதும்: கறுப்பு ஒற்றைமுள் ஜிக் இரண்டு, சிறு முள் பொதி ஒன்று, 0.40 தங்கூசி ஒரு சுருள், மிதவை ஒன்று. மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம். முதல் மீன் பிள்ளைகளுக்கு. மிஞ்சினால் மட்டும் விற்பனைக்கு.